கல்முனை 13 கிலோமீட்டரில் இல்லை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை எவ்வளவு தூரம் என்று பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் நாற்பது கிலோமீட்டர் அளவில் வரும் என்பார்கள். கல்லடியில் கேக் செய்து வீடுகளுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கடைக்காக எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் எழுதிய செயலி 13.86 என்றது. ஒரு மாதமாக அந்தக் கணக்கில்தான் டெலிவரிக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஓட்டோக்காரர் பெற்றோல் கணக்கோடு சண்டைக்கு வந்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. “அண்ணே, சூத்திரம் சரிதான். நாலு தரம் பார்த்திட்டன்” என்றான் தம்பி. நானும் பார்த்தேன். சூத்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு இடங்களின் ஆள்கூறுகளை வாங்கி இடைத்தூரம் சொல்லும் நிரல் பத்து வரிகூட வராது. அதனால்தானோ என்னவோ, விடை பிழைத்ததும் எல்லாரும் முதலில் அந்தப் பத்து வரியைத் தோண்டுகிறார்கள். என் அனுபவத்தில் குற்றம் அங்கே இருப்பது அபூர்வம். எண்கள் உள்ளே போகும் வழியில் இருக்கும், அல்லது வந்த விடையை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கும். நல்லவேளையாக, இந்தப் பிழைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கைரேகை உண்டு. விடை எவ்வளவுக்குப் பிழைத்திருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் ஆளைப் பிடித்துவிடலாம். அதற்கு நான் செய்வது, நன்கு தெரிந்த ஒரே ஒரு சோடி இடங்களை எடுத்து, எல்லாப் பிழையையும் வேண்டுமென்றே செய்து பார்ப்பது.

மட்டக்களப்பு அகலாங்கு 7.717, நெட்டாங்கு 81.700 என்று வைத்துக்கொள்வோம். கல்முனை 7.417, 81.817. தமிழ்நாட்டு நண்பர்கள் இவற்றை அட்சரேகை, தீர்க்கரேகை என்பார்கள். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரையுள்ள உருண்டையாக எடுத்து, உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளின் இடைத்தூரம் காண எல்லாரும் பாவிக்கும் ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால் 35.76 கிலோமீட்டர் வரும். ஹாவர்சைன் என்ற பெயர் 1835இல் ஜேம்ஸ் இன்மன் என்ற ஆங்கிலேயக் கப்பலோட்டக் கணித ஆசிரியர் வைத்தது. காகம் பறக்கிற தூரம் 35.76, பஸ் ஓடுகிற தூரம் நாற்பதளவில். கரையோர வீதி பெரிதாக வளையாததால் இது பொருந்துகிறது. இனி இந்த 35.76ஐக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்க்கலாம்.

தம்பியின் 13.86 எப்படி வந்தது? அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருந்தன. இரண்டு இடங்களுக்கும் ஒரே மாதிரி மாறியதுதான் கெட்ட காலம். 81.7ஐ அகலாங்காக எடுத்தால் மட்டக்களப்பு நோர்வேயின் சுவால்பார்ட் தீவுகளுக்கும் வடக்கே, உறைகடலுக்குள் போய்விடும். கல்முனையும் கூடவே போகும். அங்கே வடதுருவம் கிட்ட இருப்பதால் நெடுங்கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே 35.76 சுருங்கி 13.86 ஆகிறது. பார்வைக்கு நம்பும்படியான எண், அதுதான் ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. ஓர் இடம் மட்டும் மாறியிருந்தால் விடை 8,900 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும், முதல் நாளே பிடிபட்டிருப்பான்.

இந்த இடமாற்றத்துக்குத் தம்பியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உலகமே இதில் இரண்டு பட்டுக் கிடக்கிறது. கப்பல்காரர் வழக்கில் அகலாங்குதான் முதல். நட்சத்திரத்தைப் பார்த்து அகலாங்கை அறியும் வித்தை, நெட்டாங்கை அறியும் வித்தைக்கு மிக முந்தியது. கூகுள் மேப் அந்த வழக்கையே பின்பற்றுகிறது. கணிதம் படித்தவருக்கோ கிடை அச்சு முதல், நிலைக்குத்து அச்சு பிறகு, ஆகவே நெட்டாங்கு முன்னுக்கு வரவேண்டும். இடங்களின் தரவை எழுதிவைக்கும் வடிவமான, 2016இல் தரமாக்கப்பட்ட ஜியோஜேசன் அப்படித்தான் கேட்கிறது. இடத்தரவுகளுக்கான தரவுத்தள மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் நெட்டாங்கைத்தான் முதலில் எதிர்பார்க்கும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் எட்டாம் பதிப்பில், ஜிபிஎஸ் ஆள்கூறு முறையைக் குறிக்கும் 4326 என்ற எண்ணோடு புள்ளியை எழுத்தாகக் கொடுத்தால் அகலாங்கு முதல். ஒரே செயலிக்குள் கூகுளிலிருந்து எடுத்து ஜியோஜேசனில் வைத்து தரவுத்தளத்துக்கு அனுப்பினால் இரண்டு முறை திருப்ப வேண்டியிருக்கலாம். ஒருமுறை மறந்தால் உறைகடல்.

நம் நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. இலங்கை முழுவதும் அகலாங்கு 5க்கும் 10க்கும் இடையில், நெட்டாங்கு 79க்கும் 82க்கும் இடையில். இந்த இரண்டு வீச்சும் ஒன்றையொன்று தொடவே தொடாது. தரவு உள்ளே வரும் வாசலில் இதைச் சரிபார்க்க ஒரு வரி போதும். அதே வரி, வெறுமையாக விடப்பட்ட ஆள்கூறுகளையும் பிடிக்கும். முகவரி கிடைக்காதபோது நிரல் பூச்சியம், பூச்சியம் என்று எழுதிவிட்டால் அந்த வாடிக்கையாளர் ஆபிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாக் கடலில் இருப்பார். மட்டக்களப்பிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஏறத்தாழ 9,090 கிலோமீட்டர். பட்டியலில் ஒரே மாதிரி ஒன்பதாயிரத்துச் சொச்சம் பல இடங்களில் வந்தால் காரணம் அதுதான்.

சரி, அடுத்தது கோணத்தை அளக்கும் இரண்டு அலகுகள், பாகையும் ஆரையனும். பாடசாலைக் கணிப்பானில் சைன் 30 என்று தட்டினால் அரை வரும். நிரல் மொழிகளின் சைன், கோசைன் எல்லாம் ஆரையனைத்தான் எதிர்பார்க்கின்றன. பாகையை அப்படியே உள்ளே தள்ளினால் மட்டக்களப்பு–கல்முனை சுமார் 1,920 கிலோமீட்டர் ஆகிவிடும். ஓர் ஆரையன் 57.3 பாகை என்பதால் விடையும் 57 மடங்களவில் ஊதும் என்று எதிர்பார்க்கலாம். இங்கே 54 மடங்குதான், ஏனென்றால் சூத்திரத்துக்குள் இருக்கும் கோசைன்களும் பிழையான எண்களாகி நெட்டாங்குப் பங்கைக் குறைத்துவிட்டன. ஐம்பது மடங்குக்கு மேல் பெருத்த விடையைக் கண்டால் வேறு எதையும் தேடவேண்டாம்.

அலுவலகங்களில் எக்செல்லில் இந்தக் கணக்கைப் போடுபவர்களுக்கு இன்னொரு குழி உண்டு. ஹாவர்சைனின் கடைசிப் படியில் வரும் ஏடேன்2 என்ற சார்புக்குப் பெரும்பாலான நிரல் மொழிகளில் நிலைக்குத்துப் பெறுமானம் முதல், கிடைப் பெறுமானம் பிறகு. எக்செல் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. எங்கோ கண்ட நிரலை அப்படியே எக்செல் சூத்திரமாக எழுதினால் கல்முனை 19,979 கிலோமீட்டர். இது பூமியின் அரைச் சுற்றான 20,015இலிருந்து சரியான விடையைக் கழித்தால் வருவது. இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எண்களாக அட்டவணை நிரம்பியிருந்தால், இரண்டு பெறுமானங்களையும் இடம் மாற்றிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம்.

போஸ்ட்ஜிஐஎஸ் பாவிப்பவர்களுக்கு 0.322 என்ற விடை வரக்கூடும். தூரம் பாகையில் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தரவுத்தளம் ஜியோமெட்ரி வகைப் புள்ளிகளைத் தட்டையான தாளில் உள்ளவையாகவே எடுத்துக்கொள்ளும், ஜியோகிராபி வகைக்கு மாற்றினால் மீட்டரில் தரும். 0.322ஐ 111ஆல் பெருக்கித் தப்பித்துக்கொள்பவர்களையும் கண்டிருக்கிறேன். அது ஏன் இங்கே வேலை செய்கிறது, வேறு இடத்தில் ஏன் செய்யாது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை மீனவர்களிடமிருந்து வருவது. கடலுக்குப் போகும் படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் இடத்தைப் பாகையும் கலையுமாகக் காட்டுவது வழக்கம்: 7 பாகை 43.02 கலை. வாகனங்களில் பூட்டும் கண்காணிப்புக் கருவிகளும் உள்ளே அதே முறையில், என்எம்இஏ என்ற வடிவத்தில், 0743.0200 என்று அனுப்புகின்றன. இதைப் பார்த்த கை சும்மா இருக்காது. நூறால் வகுத்து 7.4302 என்று எழுதிவிடும். ஒரு பாகைக்கு 60 கலை என்பதை மறந்தால் மட்டக்களப்பு நகரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து மகாஓயாவுக்குத் தெற்கே காட்டுப்பக்கம் போய்விடும். கல்முனையும் நகரும். இடைத்தூரம் 21.46 என்று வரும், அதாவது சரியான விடையின் 0.6 மடங்கு.

இதில் ஆளை மயக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 35.76 கிலோமீட்டரை மைலாக்கினால் 22.2. பூமியின் ஆரையை 3,959 என்று மைலில் எழுதிய நிரலை எங்கிருந்தோ எடுத்திருந்தால் இந்த எண்தான் வரும். 21.46ஐப் பார்த்துவிட்டு, “ஓ, இது கட்டைக் கணக்கில், மைலில் வந்திருக்கு” என்று 1.609ஆல் பெருக்கினால் 34.5. கிட்டத்தட்டச் சரி! பிழை உள்ளே இருக்க, மேலே பூச்சுப் பூசியாயிற்று. இந்தப் பூச்சு உதிரும் இடம் அம்பாறைக் கரையில் இருக்கிறது. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே 7 பாகைக் கோடு கடற்கரையை வெட்டிப் போகிறது. கோட்டுக்குத் தெற்கே 6 பாகை 59 கலையிலும் வடக்கே 7 பாகை 1 கலையிலும் இரண்டு வீடுகள் இருந்தால், உண்மைத் தூரம் நாலு கிலோமீட்டருக்கும் குறைவு. நூறால் வகுத்த கணக்கில் 6.59க்கும் 7.01க்கும் இடைவெளி 46 கிலோமீட்டருக்கு மேல். மட்டக்களப்பில் சரிபார்த்த செயலி பொத்துவில் பக்கம் போனதும் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன்: அட்டவணையில் நூற்றுக்கணக்கான ஆள்கூறுகள் இருந்தும் ஒன்றில்கூடத் தசமப் பகுதி .60ஐத் தாண்டவில்லை என்றால், அவை தசமப் பாகைகள் இல்லை, வேடம் போட்ட கலைகள்.

நம் ஊர் மறைக்கும் பிழைகள்

இப்போது அந்த 111க்கு வருவோம். ஒரு பாகை அகலாங்கு எங்கே போனாலும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு பாகை நெட்டாங்கு மத்தியகோட்டில்தான் அவ்வளவு, வடக்கே போகப் போக அகலாங்கின் கோசைன் மடங்கில் சுருங்கும். மட்டக்களப்பில் அந்தக் கோசைன் 0.991. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. கோசைனை அடியோடு மறந்துவிட்டு மட்டக்களப்பு–கல்முனையைக் கணக்கிட்டால் பிழை நாற்பது மீட்டரளவில்தான். யாருக்குத் தெரியப்போகிறது?

ரொறன்ரோவில் தெரியும். அங்கே கோசைன் 0.72. இங்கே எழுதிய செயலியை அங்கே கடை வைத்திருக்கும் மச்சானுக்குக் கொடுத்தால், கிழக்கு மேற்காகப் பத்துக் கிலோமீட்டர் போகவேண்டிய இடத்துக்குப் பதினாலளவில் காட்டும். லண்டனில் பதினாறு. ஒஸ்லோவில் இரட்டிப்பு. இணைய வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கப் பாவிக்கும் மேர்க்காற்றர் தளத்தில் தூரம் அளப்பவர்களுக்கும் இதே கதைதான்: இங்கே ஒரு சதவீதத்துக்குள் ஊதுவது லண்டனில் அறுபது சதவீதம் ஊதும்.

குறிகளும் அப்படித்தான். நாம் மத்தியகோட்டுக்கு வடக்கே, கிரீனிச்சுக்குக் கிழக்கே. இரண்டு எண்ணும் நேர். மறை எண்ணையே காணாத நிரல் ரொறன்ரோவின் மேற்கு 79.38ஐக் குறி இல்லாமல் வாங்கினால் நகரம் கசகஸ்தானில் போய் நிற்கும், நம் நெட்டாங்குக்குக் கிட்டவே. 14,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள் 4,000 கிலோமீட்டருக்கு வந்துவிடுவார்கள். அம்மம்மாமார் சந்தோசப்படலாம், ஆனால் பரிசோதனைக்கு உள்ளூர்ச் சோடி ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மட்டக்களப்பு–கல்முனையோடு ரொறன்ரோவில் ஒரு சோடி, கண்டம் தாண்டிய ஒரு சோடி, ஒரே இடத்தை இரண்டு தரம் கொடுக்கும் ஒரு சோடி ஆகியவற்றையும் நான் போட்டுப் பார்ப்பேன். கடைசிச் சோடி வேடிக்கைக்கு இல்லை. ஹாவர்சைனுக்குப் பதிலாகப் பழைய கோசைன் விதியைப் பாவித்தால், ஒரே இடத்துக்கு விடை பூச்சியம் வராமல், எண்ணே இல்லை என்று வந்து நிரல் முறியலாம். உள்ளே ஒன்று என்று வரவேண்டியது, மிதவைத் தசமத்தின் சிறு பிசகால் ஒன்றைத் தாண்டிவிடுவதால் வரும் வினை அது.

மூன்று சரியான விடைகள்

எல்லாப் பிழையையும் தீர்த்த பிறகும் இரண்டு மென்பொருள்கள் ஒத்துவராமல் போகலாம். எங்கள் சோடிக்கு ஒன்று 35.60 தரும், ஒன்று 35.76, ஒன்று 35.80. மூன்றும் சரி. கடைசி இரண்டும் பூமியை உருண்டையாக எடுத்தவை, ஆரையில் மட்டும் வேறுபாடு: 6,371 சராசரி, 6,378.137 மத்தியகோட்டு ஆரை. கூகுள் மேப்பின் நிரல் நூலகம் இயல்பாகப் பாவிப்பது இரண்டாவதை. 35.60 தருவது பூமி துருவங்களில் 21 கிலோமீட்டரளவில் தட்டையாக இருப்பதையும் கணக்கில் எடுத்தது. அதற்கு 1975இல் வின்சென்டி கொடுத்த முறையும் 2013இல் கார்னி கொடுத்த முறையும் உள்ளன. பூமியின் நேர் எதிர்ப்பக்கத்துப் புள்ளிகளுக்கு வின்சென்டி சிலவேளை விடை தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும், கார்னி தரும்.

உருண்டைக் கணக்கின் பிழை அரை சதவீதத்துக்குள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தப் பக்கம் என்பதைச் சொல்லமாட்டார்கள். மத்தியகோட்டுக்குக் கிட்ட வடக்குத் தெற்காக அளந்தால் அது எப்போதும் கூட்டித்தான் காட்டும். நம் கரையோரம் வாகரையிலிருந்து பொத்துவில் வரை பெரும்பாலும் வடக்குத் தெற்காகவே ஓடுகிறது. ஆகவே இங்கே பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யாது, ஒரே பக்கம் சேரும். மட்டக்களப்பு–பொத்துவிலுக்கு அரைக் கிலோமீட்டர் அளவு. கேக்குக்கு இது பொருட்டில்லை, அளவைக்காரருக்குப் பொருட்டு.

அளவை என்றதும் பழைய வரைபடங்கள் ஞாபகம் வருகின்றன. இலங்கையின் பழைய அளவைகள் கந்தவளை என்ற தளத்தில், அதாவது ஆள்கூறுகளுக்கான அடிப்படையில், பூமியின் வடிவத்துக்கு 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்துச் செய்யப்பட்டவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு தளத்தில். ஒன்றின் ஆள்கூறை மற்றதாக எண்ணி எடுத்தால் நம் பக்கத்தில் இடம் ஏறத்தாழ இருநூறு மீட்டர் நகரும். புதிய கல்லடிப் பாலத்தின் நீளமே முன்னூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான், ஆகவே பாலத்தடியில் உள்ள காணி வாவிக்குள் விழுந்துவிடலாம். வரைபடத்தில் கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று சொல்லும் கட்ட எண்களிலும் இரண்டு வழக்கு உண்டு. பழைய கட்டம் பிதுருதலாகலை மலையில் 200,000, 200,000 என்று தொடங்கும், 1999இன் கட்டம் அதே இடத்தில் 500,000, 500,000. இரண்டையும் கலந்தால் பிழை 424 கிலோமீட்டர். அந்த எண்ணை ஒருதரம் கண்டவர் மறக்கமாட்டார்.

ஓடிய தூரத்தைக் கூட்டும் செயலிகளின் நோய் வேறு. தென்னந்தோப்பின் நிழலில் நிறுத்திய ஓட்டோவின் ஜிபிஎஸ் புள்ளி ஓரிடத்தில் நிற்காது. ஒவ்வொரு செக்கனும் ஒரு மீட்டர் தள்ளாடினாலே மணித்தியாலத்துக்கு 3.6 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு ஏறும். வேகம் இல்லாதபோது வரும் புள்ளிகளைத் தள்ளிவிட்டால் பாதி நோய் தீரும்.

வாவி

தம்பியின் இடமாற்றத்தைத் திருத்தினோம். கல்முனை 35.76 ஆனது. ஓட்டோக்காரர் சமாதானமானார், ஒரு கிழமைக்கு. அப்புறம் படுவான்கரைக்கு முதல் கேக் போனது.

இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, சூரியன் படும் வயல் பக்கம் படுவான்கரை. குருக்கள்மடத்துக் கரையில் நின்றால் எதிரே அம்பிளாந்துறை கண்ணுக்குத் தெரியும். செயலியும் அந்தத் தூரத்தைத்தான் சொல்லும், அதில் மீட்டர் பிழைகூட இருக்காது. ஆனால் ஓட்டோ தண்ணீரில் ஓடாது. பாதையில் ஏற்றி அக்கரை கொண்டுபோகவேண்டும், இல்லாவிட்டால் பாலம் தேடி வடக்கேயோ தெற்கேயோ போய்த் திரும்பி வரவேண்டும். இங்கே பாதை என்பது வண்டியோடு ஆட்களையும் ஏற்றும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைக்கும் பாதைதான்.

நேர்த்தூரத்தை 1.3ஆல் பெருக்கினால் வீதித்தூரம் வரும் என்று ஒரு சமாளிப்பு பரவலாக இருக்கிறது. சமதரையில் அது மோசமில்லை. எங்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது: கரையோடு போனால் 1.1 போதும், வாவியைக் குறுக்கே வெட்டினால் ஐந்தும் போதாமல் போகலாம். ஒரே பெருக்கு எண்ணில் இரண்டும் அடங்காது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வீதித் தரவை வைத்து வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்ஆர்எம் போன்ற இலவச மென்பொருளை நிறுவுவதுதான் முறையான தீர்வு. நாளைக்கு ஆறேழு கேக் அனுப்பும் கடைக்கு அது பெரிய வேலை.

நாங்கள் சின்னதாக ஒன்று செய்தோம். கல்லடி, வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று நாலு பாலங்களின் ஆள்கூறுகளையும் எழுதிவைத்தோம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எந்தப் பக்கம் என்று ஓர் எழுத்து: எழுவான்கரைக்கு எ, புளியந்தீவும் நகரமும் என்றால் ந, படுவான்கரைக்கு ப. கடையும் வீடும் ஒரே பக்கம் என்றால் நேர்த்தூரமே அடிப்படை. பக்கம் மாறினால் கடையிலிருந்து பாலம், பாலத்திலிருந்து வீடு என்று துண்டுதுண்டாகக் கூட்டி, எல்லாப் பாலத்துக்கும் பார்த்து, குறைந்ததை எடுக்கவேண்டும். வவுணதீவுக்கு மட்டும் கல்லடி, வலையிறவு இரண்டையும் வரிசையாகத் தாண்டும் வழியையும் சேர்க்கவேண்டியிருந்தது. பழைய பத்து வரியோடு இன்னும் இருபது வரி. ஹாவர்சைனில் கை வைக்கவில்லை.

எந்த வீடு எந்தப் பக்கம் என்று கணினியைக் கொண்டு கண்டுபிடிக்கத் தம்பி இரண்டு நாள் முயன்றான், வாவியின் எல்லையைப் புள்ளி புள்ளியாக வரைந்தெல்லாம் பார்த்தான். கடைசியில் கடைக்கார அக்கா வாடிக்கையாளர் பட்டியலை வாங்கி, ஊர்ப் பெயர்களைப் பார்த்துக் கால் மணித்தியாலத்தில் எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மகிழடித்தீவு ப. ஆரையம்பதி எ. இப்போது மகிழடித்தீவுக்கான காசை மண்முனைப் பாலம் வழியாகச் செயலி கணக்குப் போடுகிறது, ஓட்டோவும் அந்த வழியாகத்தான் போகிறது.